கையொப்பத்தின் பொறுப்பு

சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மாரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் பானையின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. பானையை ஒரு கையில் ஏந்தி, மற்றொரு கையின் விரலை மடக்கி, அதன் வயிற்றில் மெல்லத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. ஒலி மழுங்கினால் எங்கோ ஒரு கீறல் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காது கண்டுகொள்கிறது. தட்டிப் பார்க்க நொடிப்பொழுதே ஆகும். ஆயினும் அந்த நொடியைச் செலவிடாதவர், அடுப்பில் பானை விரிசல் கண்டபின் உலையையும் இழப்பார், அரிசியையும் இழப்பார்.

பானை உடைந்தால் ஒரு வேளை உணவு போகும். மனிதன் ஆக்கிய பொறிகளுள் சில உடைந்தால் நூற்றுக்கணக்கானோர் உயிர் போகும். நாம் இரயில்வண்டியில் ஏறுகிறோம், விமானத்தில் பறக்கிறோம். அவற்றின் சக்கரத்தையோ இறக்கையையோ நாம் தட்டிப் பார்ப்பதில்லை. நமக்காக யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்று நம்பி அமர்ந்து விடுகிறோம். அந்த 'யாரோ ஒருவர்' நம் பெயரை அறியார். நாமும் அவர் முகத்தை அறியோம். எனினும் நம் உயிர் அவர் கையில் இருக்கிறது. அத்தகையோரைப் பற்றியும் அவர்கள் தாங்கும் பொறுப்பைப் பற்றியும் நான் கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

நான் திண்டிவனத்தில் வாழ்ந்து, விழுப்புரத்தில் ஆசிரியப்பணி ஆற்றியவன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்னும் ஊர்களைக் கடந்து நாள்தோறும் இரயிலில் சென்று வந்தேன். விழுப்புரம் ஒரு பெரிய சந்திப்பு. சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன. என் இளமைக் காலத்தில் வண்டி அங்கே வந்து நின்றதும் நீண்ட காம்புடைய சுத்தியலோடு சிலர் இறங்கி நடப்பார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு முறை தட்டுவார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். அடுத்த சக்கரத்துக்குச் செல்வார்கள். பயணிகளோ தேநீர் வாங்குவதிலும் இடம் பிடிப்பதிலும் கருத்தாய் இருப்பார்கள். சுத்தியலின் ஓசையை அவர்களுள் ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

அவ்வாறு தட்டிச் செல்வோருள் முதியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். ஒருநாள் மழைத்தூறலில் நனைந்தவாறே அவர் தம் பணியைச் செய்துகொண்டிருந்தார். நான் அவரை நோக்கி, "ஐயா, இத்தனை ஆண்டுகளாகத் தட்டுகிறீர்களே, எத்தனை முறை பழுது கண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்றே நகைத்தார். "விரல் விட்டு எண்ணிவிடலாம், தம்பி" என்றார்.

"அப்படியானால் மற்ற நாள்களில் தட்டியதெல்லாம் வீண்தானே?"

"எந்த நாளில் பழுது வரும் என்று சக்கரம் எனக்குக் கடிதம் எழுதுவதில்லையே, தம்பி! அந்த ஒரு நாளுக்காகத்தான் எல்லா நாளும் தட்டுகிறேன்" என்றார் அவர். பிறகு, "நான் சக்கரத்தைப் பார்க்கிறேன். பாதையை வேறொருவர் பார்க்கிறார். பாலத்தை மற்றொருவர் பார்க்கிறார். எல்லாரும் பார்த்தால்தான் வண்டி ஊர் போய்ச் சேரும்" என்று கூறி, அடுத்த சக்கரத்தைத் தட்டப் போய்விட்டார். பல நூல்கள் கற்பிக்காத பாடத்தை அந்த முதியவரின் சில சொற்கள் எனக்குக் கற்பித்தன.

எல்லாரும் பார்த்தால்தான் வண்டி ஊர் போய்ச் சேரும் என்பதன் ஆழத்தை எங்கள் பகுதியினர் முன்னரே அறிந்திருந்தனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவுவண்டி, திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இரவில் கடந்து, விருத்தாசலம் வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றது. பெருமழை பெய்த காலம் அது. 23-ஆம் நாள் விடியற்காலையில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தை வண்டி அடைந்தபோது, அங்கே வெள்ளத்தால் இருப்புப்பாதை நிலைகுலைந்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. உறங்கிக்கொண்டிருந்த பயணிகளுள் 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் ஊர்களைக் கடந்து சென்ற வண்டி அது. நள்ளிரவில் அதன் கூவலைக் கேட்டுப் புரண்டு படுத்தவர்கள் பொழுது விடிந்தபின் அச்செய்தியைக் கேட்டு நடுங்கினார்கள்.

அப்போது மத்திய இரயில்வே அமைச்சராக விளங்கியவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில், இன்றைய தெலங்கானாவிலுள்ள மகபூப்நகர் அருகே பாலம் ஒன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதே அவர் பதவி விலக முன்வந்தார்; பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப்பின் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதத்தை அளித்தார். இம்முறை நேரு அதனை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணர் என்பதற்காக அன்று. மக்களாட்சியில் இது ஒரு நல்ல மரபாக நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். மழையைப் பெய்வித்தவர் சாஸ்திரி அல்லர். மருதையாற்றுப் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். ஆயினும் தம் பொறுப்பில் உள்ள துறையில் நேர்ந்த இழப்புக்குத் தாம் விடையளிக்க வேண்டும் என்று அவர் கருதினார். சுத்தியல் ஏந்திய தொழிலாளியிடம் தொடங்கும் பொறுப்பு அமைச்சரின் நாற்காலி வரை நீள்கிறது என்பதை நாடு அன்று கண்டது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்வோர் தாம்பரத்தைத் தாண்டியதும் குரோம்பேட்டையைக் காண்பார்கள். 1949-ஆம் ஆண்டு சி. இராஜம் அவர்களின் கொடையால் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. விமானப் பொறியியலைத் தமிழ்நாட்டு மாணவர் பலர் அங்கே கற்றனர். இன்னும் சிறிது தொலைவு சென்றால் திரிசூலம் நிலையம். அதற்கு எதிரிலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் அமைந்துள்ளது. இரயிலின் பலகணி வழியே நோக்கினால், தலைக்குமேல் தாழப் பறந்து வந்து தரையிறங்கும் விமானங்களைக் காணலாம். அவற்றைக் காணுந்தோறும் விழுப்புரத்து முதியவரின் சுத்தியல் என் நினைவுக்கு வரும். இரயில்வண்டியில் ஏதேனும் கோளாறு தோன்றினால் அதனை வழியில் நிறுத்திப் பார்க்கலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தை எங்கே நிறுத்துவது? ஆகையால் அங்கே பார்க்க வேண்டியவற்றையெல்லாம் புறப்படும் முன்பே பார்த்தாக வேண்டும்.

என் மாணவர் ஒருவர் விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளராகப் பணிபுரிகிறார். திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தவர் அவர். விடுமுறையில் என்னைக் காண வரும்போது தம் தொழிலைப் பற்றிச் சுவையுறக் கூறுவார். விமானம் புறப்படும் முன் விமானியருள் ஒருவர் கீழே இறங்கி அதனை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரத்தின் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, எஞ்சினின் அலகுகளில் பறவையோ கல்லோ மோதிய தடம், இறக்கையின் மடிப்புகள், விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் நின்று நோக்குவார். காற்றின் விரைவை அளக்கும் சிறு குழாய்களின் மேல், நிலத்தில் நிற்கும்போது உறை மாட்டியிருப்பார்கள். அந்த உறையிலிருந்து சிவப்பு நாடா ஒன்று தொங்கும். பறக்குமுன் அதனைக் கழற்ற வேண்டும் என்பதை அந்நிறமே நினைவூட்டும்.

"எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பேடு உண்டு, ஐயா" என்று அவர் ஒருமுறை கூறினார். பறந்தபோது கண்ட குறை எதுவாயினும் விமானி அதில் எழுத வேண்டும். பொறியாளர் அக்குறையை நீக்கி, என்ன செய்தார் என்பதைக் குறித்துக் கையொப்பம் இட வேண்டும். அடுத்துப் பறக்கும் விமானி அதனைப் படித்து, விமானத்தை ஏற்றுக்கொண்டதாகத் தாமும் கையொப்பம் இட வேண்டும். உரிய தேர்வுகளில் தேறி அரசின் உரிமம் பெற்ற பொறியாளரே அங்கே கையெழுத்திட முடியும். சுக்கான் முதலிய உயிர்நாடியான உறுப்புகளில் ஒருவர் வேலை செய்தால், அவ்வேலையில் தொடர்பற்ற இன்னொருவர் வந்து மீண்டும் சோதிப்பார். "நாங்கள் இடும் கையொப்பத்துக்கு ஒரே பொருள்தான், ஐயா. 'நான் பார்த்தேன்' என்பதே அது. 'பார்த்திருப்பேன்' என்பதற்கும் 'பார்த்தவர் சொன்னார்' என்பதற்கும் அங்கே இடமில்லை" என்றார் அவர். எழுவாயும் பயனிலையும் கற்பித்த என்னிடம் என் மாணவர் ஒரு வினைமுற்றின் பொருளை விளக்கினார். நான் மகிழ்ந்தேன்.

இம்முறைகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு துன்பத்தின் பின்னர்ப் பிறந்தது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்க நாட்டில் ஒகாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனைக்காக மேலெழுந்தது. அதனை ஓட்டியவர் தேர்ந்த விமானி. ஆயினும் விமானம் செங்குத்தாக ஏறி, நிலை தளர்ந்து, வீழ்ந்து எரிந்தது. இருவர் மாண்டனர். தரையில் நிற்கும்போது காற்றால் அசையாதவாறு சுக்கான்களைப் பிணித்து வைக்கும் பூட்டு ஒன்று உண்டு. புறப்படும் முன் அதனைத் திறக்க மறந்துவிட்டார்கள். விமானத்தில் வேறு குறை ஒன்றும் இல்லை. இவ்விமானம் மனிதர் ஓட்ட இயலாத அளவுக்குச் சிக்கலானது என்று சிலர் கூறினர். ஆனால் விமானிகள் மனம் தளரவில்லை. செய்ய வேண்டியவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டார்கள். அதன்பின் அவ்வகை விமானங்கள் 12,000-க்கும் மேல் செய்யப்பட்டுப் பறந்தன. இன்று உலகெங்கும் விமானிகள் கையில் கொள்ளும் சரிபார்ப்புப் பட்டியல் அவ்வாறு பிறந்ததே. நினைவாற்றல் மிக்கவருக்கும் மறதி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பணிவு அப்பட்டியலில் அடங்கியிருக்கிறது.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாப்பு என்பது வெறும் மறதி அன்று. எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்னும் களிப்பில் தோன்றும் சோர்வு அது. இச்சோர்வு சோம்பேறிக்கு மட்டும் வருவது என்று எண்ணிவிடாதீர்கள். உழைப்பாளிக்கும் திறமைசாலிக்குமே அது பெரும்பாலும் வருகிறது. அதற்கு ஒரு சான்று கூறுவேன்.

1990-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 87 பேருடன் புறப்பட்டது. 17,000 அடி உயரத்தை எட்டியபோது விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. உள்ளிருந்த காற்று பீறிட்டு வெளியேற, தலைமை விமானி இடுப்பளவு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களை இறுகப் பற்றிக்கொண்டார்கள். துணை விமானி கலங்காமல் விமானத்தைச் சவுத்தாம்டன் நகரில் இறக்கினார். வியப்பு யாதெனில், வெளியே இழுக்கப்பட்டவர் உட்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

அக்கண்ணாடி ஏன் பெயர்ந்தது? விபத்துக்கு முந்தைய நாள் அதிகாலையில், இரவுப் பணியின்போதுதான் அது புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனைப் பிணித்த போல்ட்டுகள் 90. அவற்றுள் 84 போல்ட்டுகள், இருக்க வேண்டிய பருமனைவிட ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மெலிந்தவை. எஞ்சிய ஆறும் நீளத்தில் குறைந்தவை. பொருத்தியவர் அனுபவம் மிக்க பணித்தலைவர். ஆள் பற்றாக்குறையால், தாமே அவ்வேலையை மேற்கொண்டார். பழைய போல்ட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணளவால் ஒப்பிட்டுப் புதியனவற்றை எடுத்தார். எந்த அளவு தேவை என்று பண்டகசாலையில் இருந்தவர் கூறியும், ஏட்டைப் புரட்டிப் பாராமல் தம் கண்ணையே நம்பினார். எட்டிப் பிடித்து வேலை செய்ய வேண்டிய நிலையில் இருந்தமையால் போல்ட்டின் தலை சரியாகப் பதியவில்லை என்பதும் அவருக்குப் புலப்படவில்லை.

இவ்விபத்தை ஆராய்ந்தவர்கள், "இன்னார் தவறு செய்தார்" என்று எழுதி ஏட்டை மூடிவிடவில்லை. அவர் ஏன் தவறினார் என்று மேலும் வினவினார்கள். வெளிச்சம் போதாதது ஏன்? ஆள் குறைந்தது ஏன்? இரண்டாமவர் வந்து சோதிக்க வேண்டும் என்னும் விதி அவ்வேலைக்கு இல்லாதது ஏன்? ஒருவருடைய கை தவறியது உண்மை. ஆனால் அக்கை தவறுவதற்கு இடமளித்தவை பல. கைக்கு உரிய பொறுப்பைக் கையும், இடமளித்ததற்கு உரிய பொறுப்பை மேலிருப்போரும் ஏற்க வேண்டும். ஒருவரைத் தண்டிப்பதோடு நிறைவடைந்தால், அதே மங்கிய வெளிச்சத்தில் நாளை மற்றொருவர் அதே பிழையைச் செய்வார்.

இரண்டாமவர் சோதித்தால் மட்டும் போதுமா? அவர் உண்மையாகவே பார்க்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தென்னமெரிக்காவில் பெரு நாட்டுத் தலைநகரான லிமாவிலிருந்து ஒரு விமானம் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டது. அதனைக் கழுவித் துடைத்தபோது, காற்றழுத்தத்தை உணரும் சிறு துளைகளில் நீர் புகாதவாறு ஒட்டுநாடாவால் மூடியிருந்தார்கள். வேலை முடிந்தபின் ஒட்டியவர் அதனை அகற்றவில்லை. மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை. சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் அது படவில்லை. உயரத்தையும் விரைவையும் காட்டும் கருவிகள் பொய்யுரைத்தன. இருளில் வழி தெரியாது கடலில் வீழ்ந்த அவ்விமானத்தில் இருந்த 70 பேரும் மாண்டனர். ஒரு சாண் ஒட்டுநாடாவை மூவர் காணத் தவறினர். முதலில் பார்ப்பவர், 'பின்னால் ஒருவர் பார்ப்பார்' என்று எண்ணுவதும், பின்னால் பார்ப்பவர், 'முன்னர் ஒருவர் பார்த்திருப்பார்' என்று எண்ணுவதும் மனித இயல்பு. அவ்வாறு எண்ணத் தொடங்கினால் மூன்று கண்காணிப்புகள் இருந்தும் ஒன்றும் இல்லாததற்கு ஒப்பாகும். உலகில் தம்மைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்று எண்ணி ஒவ்வொருவரும் பார்ப்பதே உண்மையான சோதனை.

என் மாணவர் தாம் பணிபுரிந்த ஓரிடத்தில் நிகழ்ந்ததை ஒருமுறை கூறினார். விமானக் கொட்டகையில் கருவிகளை மாட்டிவைக்கும் பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவமே பலகையில் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் எந்த இடமேனும் வெறுமையாக இருந்தால், அங்கிருந்த கருவி விமானத்தினுள் விடுபட்டிருக்கலாம் என்பது பொருள். ஒருநாள் இரவு வேலை முடிந்து, பயணிகள் ஏறும் நேரம் நெருங்கியது. பலகையில் சிறிய ஸ்பானர் ஒன்றின் இடம் வெறுமையாக இருந்தது. என் மாணவர் கையொப்பமிட மறுத்தார். விமானம் புறப்படத் தாழ்ந்தது. "ஒரு சிறு கருவிக்காக இத்தனை பேரைக் காக்க வைப்பதா?" என்று சினந்தவர் பலர். மூடிய தகடுகளைத் திறந்து விளக்கொளியில் தேடினார்கள். கருவி அகப்படவில்லை.

அப்போது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணா, கடைசியாக அதை எடுத்தவன் நான்தான். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை" என்றான். என் மாணவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "சொன்னாயே, அதுவே போதும், தம்பி. நீ நின்ற இடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்" என்றார். அவன் கூறிய வழியே சென்று தேட, ஏணி வண்டியின் அடித்தட்டில் அந்த ஸ்பானர் கிடந்தது. அது விமானத்தினுள் இல்லை. இரண்டு மணி நேரம் வீணாயிற்று என்று சிலர் கூறினர்.

அந்த நேரம் வீணாயிற்றா? நான் அவ்வாறு கருதவில்லை. கருவி விமானத்தில் இல்லை என்று நம்புவது வேறு. இல்லை என்று அறிவது வேறு. அந்த இரண்டு மணி நேரமே நம்பிக்கையை அறிவாக்கியது. அதனினும் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. அன்று அவ்விளைஞன் உண்மை கூறினான். உண்மை கூறியவனுக்கு வசைமொழி கிடைத்திருந்தால், மறுமுறை அவனோ அவனைக் கண்ட பிறரோ வாய் திறந்திருக்க மாட்டார்கள். பிழை செய்தவன் அஞ்சி மறைக்கும் இடத்தில் பிழை வளரும். அஞ்சாது உரைக்கும் இடத்தில் பிழை அன்றே அழியும். வேண்டுமென்றே விதியை மீறுபவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அறியாமல் தவறி, அதனைத் தானே வந்து கூறுபவனைக் காப்பது மேலோர் கடமை.

மேலோர் கடமை எத்தகையது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் ஒளிமிக்க நிகழ்ச்சி உண்டு. குரோம்பேட்டைக் கல்லூரியில் விமானப் பொறியியல் கற்ற இராமேசுவரத்து இளைஞர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், பின்னாளில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டமான எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநரானார். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் சீஅரிகோட்டாவில் அது ஏவப்படவிருந்தது. புறப்படச் சில நிமிடங்களே இருந்தபோது, ஏதோ குறை உள்ளது என்று கணினி எச்சரித்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு காணப்பட்டது. அது பெரிதன்று என்று வல்லுநர்கள் கருதினர். அவர்கள் சொல்லை ஏற்றுக் கலாம் ஏவுமாறு பணித்தார். முதற்கட்டம் செவ்வனே இயங்கியது. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. பல்லாண்டு உழைப்பின் பயன் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அன்று செய்தியாளர்கள் கூடியிருந்தனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே அவர்கள்முன் சென்றார். தோல்விக்குரிய பொறுப்பைத் தாம் ஏற்றார்; தம் குழுவினர் மீண்டும் முயன்று வெல்வர் என்று உறுதியும் கூறினார். அவருடைய நிழலில் கலாம் ஒளிந்துகொள்ளவும் இல்லை. தோல்வியை ஆராய்ந்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, கசிவைச் சிறிதெனக் கருதியது தம் பிழையே என்றும், ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்றும் அனைவர் முன்னும் கூறினார். அடுத்த ஆண்டு, 1980 சூலைத் திங்கள் 18-ஆம் நாள், எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு தவான் கலாமையே அனுப்பினார். தோல்வியைத் தலைவர் தாங்கினார். வெற்றியைத் தொண்டருக்கு அளித்தார். இத்தகைய தலைவரிடத்தில் எவரும் பிழையை மறைக்க வேண்டியதில்லை.

மாணவர்களே! பொறுப்பு என்பது யாது? பிழை நேர்ந்தபின் பழியைச் சுமப்பதே பொறுப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது பொறுப்பின் இறுதிப் பகுதியே. பிழை நேருமுன் தன் கண்ணால் காண்பது அதன் முதற்பகுதி. கண்டதை மறையாது உரைப்பது அதன் இடைப்பகுதி. முதலிரண்டையும் செய்தவர்க்கு மூன்றாவது பகுதி பெரும்பாலும் நேர்வதில்லை; நேர்ந்தாலும் அவர் தலைகுனிய வேண்டியதில்லை. தொழிலாளி காண வேண்டும்; தோழர் மீண்டும் காண வேண்டும்; தலைவர் அவர்கள் நன்கு காண்பதற்கு வேண்டிய ஒளியும் நேரமும் அளிக்க வேண்டும். மூவருள் ஒருவர் தவறினும் மற்ற இருவர் உழைப்பும் பயனற்றுப் போகலாம்.

இன்று இருப்புப்பாதையின் உள்ளே மறைந்துள்ள விரிசலை மீயொலிக் கருவிகள் கண்டுபிடிக்கின்றன. விமான எஞ்சின் தன் நோயைத் தானே கணினிக்கு அறிவிக்கிறது. கருவிகள் பெருகுவது நன்றே. ஆயினும் கருவி காட்டியதை ஒரு மனிதர் படிக்க வேண்டும். படித்ததை மதிக்க வேண்டும். ஐயம் எழுந்தால், "நிறுத்துங்கள்" என்று கூறும் துணிவு கொள்ள வேண்டும். அத்துணிவை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய இயலாது. அது சிறு வயது முதலே பழகிப் பழகி வர வேண்டிய ஒன்று.

நீங்களும் நாளை பொறியாளராகவோ மருத்துவராகவோ ஓட்டுநராகவோ மின்பணியாளராகவோ ஆகக்கூடும். உங்கள் கையொப்பத்தை நம்பி முகமறியாத மக்கள் பயணம் செய்வார்கள், மருந்து உண்பார்கள், விளக்கேற்றுவார்கள். அந்தக் கையொப்பத்துக்கு இன்றே பயிற்சி தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அளந்த அளவை மட்டுமே ஏட்டில் எழுதுங்கள்; அடுத்திருப்பவரின் அளவைப் பார்த்து எழுதாதீர்கள். தம்பியையோ தங்கையையோ மிதிவண்டியின் பின்னே ஏற்றுமுன் தடையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்லாதீர்கள். தவறியதைத் தவறியதென்று சொல்லத் தயங்காதீர்கள். 'நான் பார்த்தேன்' என்னும் சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால், அதனை மறுமுறை சோதிக்க வேண்டியதில்லை என்று ஊரார் கூறும்படி வாழுங்கள்.